பள்ளி திறக்கும் முதல் வாரத்தை எப்படித் திட்டமிடுவது?

பள்ளி திறக்கும் வாரத்துக்கு நான் எழுதும் திட்டத்தில் பாடத்தின் பெயர் அதிகம் தென்படாது. வகுப்புக்குள் எப்படி நுழைவது, நோட்டுகளை யார் எடுத்துக் கொடுப்பது, பென்சில் முனை உடைந்தால் என்ன செய்வது, தண்ணீர் குடிக்கப் போக எப்படிக் கேட்பது என்று சின்னச் சின்ன சங்கதிகளாகவே பக்கம் நிறைந்திருக்கும். நான் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள், வகுப்பாசிரியரும் நானே. "இப்படிப் போனால் போர்ஷன் எப்போது முடியும்?" என்று ஸ்டாஃப் ரூமில் யாராவது கேட்பார்கள். முடியும். நோட்டு கொடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். 40 பேர் உள்ள வகுப்பில், பழக்கம் வராதவரை அதற்கு 6 நிமிஷம் போகும். பழகிவிட்டால் 2 நிமிஷம். ஒரு நாளைக்கு 4 நிமிஷம் மிச்சம் என்றால் 200 வேலை நாளில் 800 நிமிஷம், அதாவது 13 மணி நேரத்துக்கு மேல். அதுவும் ஒரே ஒரு பழக்கத்தில்.

எட்மண்ட் எம்மர், கேரலின் எவர்ட்சன், லிண்டா ஆண்டர்சன் மூவரும் மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களை ஆண்டின் தொடக்கத்திலிருந்தே கவனித்து 1980-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். விதிகள் எல்லா வகுப்பிலும் இருந்தன. ஆனால் வகுப்பு நன்றாக நடந்த ஆசிரியர்கள், முதல் வாரங்களில் அந்த நடைமுறைகளையே ஒரு பாடம் போல நடத்தியிருந்தார்கள். செய்து காட்டினார்கள், பிள்ளைகளைச் செய்ய வைத்தார்கள், தவறினால் மறுபடி நினைவூட்டினார்கள். என் திட்டமும் இந்த வழியில்தான் போகிறது.

திறப்பதற்கு முன்

வருகைப் பதிவேடு கைக்கு வந்ததும் பெயர்களை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் அவர்களை எப்படிப் பிரித்துக் கூப்பிடுவது என்று அந்த இருவரிடமே கேட்கக் குறித்து வையுங்கள். 'குண்டு', 'நெட்டை' என்று நாமே அடைமொழி வைத்துவிட்டால், வருஷம் முழுக்க வகுப்பும் அதையே சொல்லும். முதல் வாரத்துக்கு ஒவ்வொரு டெஸ்க்கிலும் ஒரு பெயர் அட்டை இருக்கட்டும். அது பிள்ளைகளைவிட நமக்குத்தான் அதிகம் உதவும்.

போன வருஷ ஆசிரியரிடம் பேசும்போது யாருக்குப் பார்வை சரியில்லை, யாருக்குக் காது மந்தம், யாருக்கு உடம்புக்கு முடியாமல் போகும், யார் தனியாகவே உட்கார்ந்திருப்பார்கள் என்று கேளுங்கள். "யார் வால்?" என்று கேட்காதீர்கள். அவராகச் சொல்ல ஆரம்பித்தாலும் பேச்சை மாற்றிவிடுங்கள். ராபர்ட் ரோசன்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், குலுக்கல் போலப் பொறுக்கிய சில பிள்ளைகளைக் காட்டி "இவர்கள் இந்த ஆண்டு நன்றாக முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் (IQ) சோதனை மதிப்பெண் மற்றவர்களைவிட அதிகம் ஏறியது. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பதில் பின்னாளில் பெரிய சர்ச்சையே நடந்தது. இருந்தாலும், ஒரு பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே அவனைப் பற்றி முடிவு கட்டாமல் இருப்பதில் நமக்கு என்ன நஷ்டம்?

முதல் நாள், முதல் அரை மணி

வாசலில் நில்லுங்கள். மேசையில் தாள் அடுக்கும் வேலையெல்லாம் முந்தின நாளே முடிந்திருக்க வேண்டும். வருகிற ஒவ்வொருவரையும் பெயர் கேட்டு, அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லி உள்ளே அனுப்புங்கள். உள்ளே போனதும் யாரையும் எதுவும் கேட்காமலேயே செய்யக்கூடிய ஒரு வேலை டெஸ்க்கின் மேல் காத்திருக்க வேண்டும். முதல் நாள் சலசலப்பில் பாதி, என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதால் வருவதுதான்.

நான் வைப்பது அரைத் தாள். அதில் மூன்று கேள்விகள். உன்னை எப்படிக் கூப்பிட வேண்டும்? எங்கே உட்கார்ந்தால் போர்டு சரியாகத் தெரியாது? இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு உனக்கு எது தெரியும்? மூன்றாவதற்கு வரும் பதில்கள் தங்கம். "சைக்கிள் செயின் மாட்டத் தெரியும்" என்று ஒருவன் எழுதியிருப்பான். "தம்பியைத் தூங்க வைக்கத் தெரியும்" என்று ஒருத்தி எழுதியிருப்பாள். இந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொண்டால், பல மாதம் கழித்து ஒரு பிள்ளை "எனக்கு எதுவும் வராது மிஸ்" என்று உட்காரும் நாளில் எடுத்துக் காட்டலாம்.

விடுமுறையை எப்படிக் கழித்தாய் என்ற கட்டுரை வேண்டாம். சொல்லத் தகுந்த விடுமுறை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. எல்லாரையும் முன்னால் நிறுத்தி "உன்னைப் பற்றிச் சொல்" என்று கேட்பதும் எனக்குப் பிடிக்காது. கூச்சமுள்ள பிள்ளை தன் முறை வரும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், மற்றவர்கள் சொன்ன ஒரு வார்த்தையும் அதன் காதில் விழாது. பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிஷம் பேச விட்டால் போதும்.

ஒத்திகை

முதல் நாளுக்கு மூன்று பழக்கங்கள், அதற்கு மேல் வேண்டாம். என் தேர்வு: உள்ளே வருவது, அமைதிக்கான சைகை, நோட்டு கொடுப்பது. கழிப்பறைக்குப் போக எப்படிக் கேட்பது என்பதை மட்டும் தனியாக, முதல் பீரியடிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குக் காத்திருக்க முடியாது.

அமைதிக்கு நான் கையை உயர்த்துவேன். பார்த்தவர்கள் தாங்களும் உயர்த்திவிட்டுப் பேச்சை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். இதை வேண்டுமென்றே சத்தம் போட விட்டுப் பயிற்சி செய்யுங்கள். "இப்போது எல்லாரும் பேசுங்கள்" என்று சொல்லி, பேச்சு சூடு பிடித்ததும் கையை உயர்த்துங்கள். கடைசி ஆள் அடங்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது. பாதி வகுப்பு பேசிக்கொண்டிருக்கும்போதே நாம் ஆரம்பித்துவிட்டால், அந்தச் சைகைக்கு இனி மதிப்பில்லை.

தவறாகச் செய்வது எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டுமானால் நீங்களே செய்து காட்டுங்கள். பெஞ்சைத் தட்டிக்கொண்டு, நோட்டை வீசிக்கொண்டு நுழையும் ஆசிரியையைப் பார்த்து வகுப்பு விழுந்து விழுந்து சிரிக்கும். அந்த வேஷத்தை ஒரு பிள்ளைக்குக் கொடுத்தால் கைதட்டல் அவனுக்குப் போகும், அப்புறம் அதையே தினமும் செய்வான்.

விதிகளை மூன்றாம் நாளுக்குத் தள்ளி வைக்கிறேன். முதல் நாள் கேட்டால், நமக்கு எது பிடிக்கும் என்று ஊகித்து "பேசக் கூடாது, ஓடக் கூடாது" என்று ஒப்பிப்பார்கள். மூன்றாம் நாள் கேள்வியையே மாற்றுங்கள். "நீ போர்டில் தப்பாக எழுதிவிட்டாய். மற்றவர்கள் என்ன செய்தால் நீ மறுபடி எழுத வருவாய்?" கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு ஒவ்வொன்றாக வரும். சிரிக்கக் கூடாது, விடையைக் கத்திச் சொல்லக் கூடாது, கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். அவர்கள் சொன்ன வார்த்தையிலேயே நாலு வரி எழுதி ஒட்டுங்கள். நீங்கள் அழகுபடுத்தினால் அது உங்கள் விதியாகிவிடும்.

முதல் பாடம்

சின்னதாக ஒரு பாடம் முதல் நாளே கட்டாயம் இருக்க வேண்டும். வெறும் விளையாட்டோடு வீட்டுக்கு அனுப்பினால், இந்த வகுப்பில் படிப்பு இல்லை என்று நினைத்துக்கொள்வார்கள். எல்லாருக்கும் ஏதாவது ஒரு விடை கிடைக்கிற கணக்காகப் பாருங்கள். "விடை 24. கேள்வி என்னவாக இருக்கலாம்?" என்று எழுதினால், 20-ஐயும் 4-ஐயும் கூட்டுகிறவரும் எழுதலாம், பின்னம் தெரிந்தவரும் எழுதலாம்.

கேள்வி கேட்டால் காத்திருங்கள். கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்பதை மேரி பட் ரோவ் 1970-களில் பதிவுசெய்தார். அதை 3 விநாடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, பதிலே வராத தருணங்கள் குறைந்தன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். 3 விநாடி வகுப்பில் எவ்வளவு நீளம் என்பது செய்து பார்த்தால்தான் தெரியும். மனசுக்குள் எண்ணுங்கள். பிள்ளைகளிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இது யோசிக்கிற நேரம் என்று. இல்லாவிட்டால் மிஸ் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துவிடுவார்கள்.

நாலாம் நாள்

புது இடத்தின் பயம் இந்த நாளுக்குள் தெளிந்துவிடும். யாராவது ஒருவர் உங்களைச் சோதித்துப் பார்ப்பார். அது நல்ல சகுனம்தான், பதற வேண்டாம். ஜேக்கப் கூனின் 1970-ல் வெளியிட்ட ஆய்வில், ஒழுங்கு மீறல் நடந்த பிறகு ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார் என்பதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. எங்கே என்ன நடக்கிறது என்பது அவர் கண்ணில் படுகிறதா, சரியான ஆளைச் சரியான நேரத்தில் நிறுத்துகிறாரா என்பதில்தான் வித்தியாசம் தெரிந்தது. அதனால் எழுதிப்போடும்போதும் உடம்பைப் பக்கவாட்டில் வைத்துக்கொள்ளுங்கள். சலசலப்பு தொடங்கும் இடத்துக்கு நடந்து போய், குனிந்து, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள். "மூணாவது கணக்குக்குப் போ." சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். பதிலுக்காக அங்கேயே நின்றால் சண்டையாகும்.

வாரக் கடைசியில் பெயர்ப் பட்டியலை எடுத்து, பாடம் தவிர வேறு ஏதாவது உங்களோடு பேசிய பிள்ளைகளின் பெயர்களுக்கு டிக் போடுங்கள். எந்த வருஷமும் ஐந்தாறு பெயர் டிக் இல்லாமல் நிற்கும். தொந்தரவும் இல்லாமல் வெளிச்சமும் இல்லாமல் நடுவரிசையில் இருப்பவர்கள் அவர்கள். திங்கள்கிழமைத் திட்டத்தின் முதல் வரி அந்தப் பெயர்கள்.

இரண்டாம் வாரத்தில் வீட்டுக்குப் போன் பண்ணத் தொடங்கலாம், ஒரு நாளைக்கு நாலைந்து பேர் வீதம். நல்ல செய்தி மட்டும், ஒரு நிமிஷத்துக்குள். பள்ளியிலிருந்து போன் என்றதும் முதலில் பயந்துதான் எடுப்பார்கள். அதனால் "ஒன்றும் பிரச்சினை இல்லை" என்றே ஆரம்பியுங்கள். தாமதமாகச் சேர்கிற பிள்ளைக்கு நடைமுறைகளை நீங்கள் சொல்லித்தர வேண்டாம், அரைத் தாளை மட்டும் கொடுங்கள். மற்றதைச் செய்து காட்டும்படி வகுப்பில் ஒருவரிடம் சொல்லுங்கள், முடிந்தால் அந்த டிக் இல்லாத பெயர்களில் ஒருவரிடம்.