ஆசியான் வழிகாட்டி சட்டமல்ல: செயற்கை நுண்ணறிவு விதிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகள் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள தேசிய நூலகத்தில் ஐந்தாறு பேருடன் உட்காருவேன். எல்லாரும் சிறு நிறுவனங்களில் புதிதாகச் சேர்ந்தவர்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி ஒன்றை வெளிநாட்டில் விற்பதற்கு முன் எந்தெந்த விதிகள் அதற்குப் பொருந்தும் என்று எழுதிக் கொடுப்பது அவர்கள் வேலை. என் வேலையும் அதுதான். சென்ற முறை ஒரு பெண் தன் அட்டவணையை என் பக்கம் நகர்த்தி, “அண்ணா, ஆசியான் வழிகாட்டியில் உள்ள எல்லாவற்றையும் செய்துவிட்டோம். பதினொரு நாட்டுக்கும் இது போதும்தானே?” என்று கேட்டாள். ஆசியான் என்பது பதினொரு தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பு. செயற்கை நுண்ணறிவு பற்றி அது வெளியிட்ட வழிகாட்டியைத்தான் அவள் சொன்னாள்.

“போதாதம்மா” என்றேன். எனக்குக் கொஞ்சம் வலித்தது. ஏனென்றால் கிட்டத்தட்ட அதே அட்டவணையை 2024இல் நான் தயாரித்தேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

பழைய பதிப்பைப் பதிவிறக்குவது, பிரிவு எண்ணை மாற்றி எழுதுவது போன்றவற்றை நீங்களே கவனித்துக்கொள்வீர்கள். நன்றாகப் படித்தவர்களும் தடுக்கி விழுகிற இடங்களை மட்டும் சொல்கிறேன்.

“சிங்கப்பூரில் சட்டமே இல்லை” என்று எழுதுவது

செயற்கை நுண்ணறிவுக்கென்றே ஒரு முழுச் சட்டம் இங்கே இல்லை என்பது உண்மை. செயற்கை நுண்ணறிவை நிறுவனங்கள் எப்படிக் கையாளலாம் என்று சொல்லி 2019இல் வெளிவந்த மாதிரி ஆளுமைக் கட்டமைப்பு, 2020இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு எதுவும் கட்டாயமில்லை. அதைப் படித்துவிட்டு “கட்டுப்பாடு இல்லை” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

கருவி தனிநபர் தகவலைத் தொட்டால் 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் வந்துவிடும். அதை மீறினால் பத்து லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். உள்ளூர் ஆண்டு வருவாய் ஒரு கோடி வெள்ளிக்கு மேல் உள்ள நிறுவனமென்றால், அந்த வருவாயில் 10 விழுக்காடு அதைவிட அதிகமாக இருந்தால், அதுவரையும் போகலாம். நோயைக் கண்டறியும் மென்பொருள் மருத்துவச் சாதனமாகச் சுகாதார அறிவியல் ஆணையத்திடம் போகும். தேர்தல் காலத்தில், வேட்பாளர் சொல்லாததைச் சொன்னதுபோல் காட்டும் டீப்ஃபேக் காணொளியை வெளியிடுவது 2024 அக்டோபரில் நிறைவேறிய சட்டத்தின்படி குற்றம். 2025 மே மாதப் பொதுத்தேர்தலுக்கு அது நடைமுறையில் இருந்தது. சட்டம் இருக்கிறது, அது துறைவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

“வட்டாரம்” என்ற சொல்லை நம்பி ஏமாறுவது

சிங்கப்பூருக்குள்ளேயே பிடோக் வட்டாரம் என்கிறோம், தென்கிழக்காசிய வட்டாரம் என்கிறோம், ஐரோப்பிய வட்டாரம் என்கிறோம். ஒரே சொல்லாக இருப்பதால் உள்ளே இருப்பதும் ஒன்றே என்று மனம் எடுத்துக்கொள்கிறது. இங்குதான் பணம் போகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தத் தவறை ஒரு தாளில் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் இயற்றுகிறது. அதன் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2024 ஆகஸ்ட் 1 அன்று நடப்புக்கு வந்தது. 27 நாடுகளின் நாடாளுமன்றங்களும் அதைத் தனித்தனியாக நிறைவேற்றத் தேவையில்லை, நேரடியாகப் பொருந்தும். தடைசெய்யப்பட்ட பயன்பாடுகளில் இறங்கினால் 3.5 கோடி யூரோ அல்லது உலகளாவிய ஆண்டு வருவாயில் 7 விழுக்காடு, இவற்றில் எது அதிகமோ அதுவரை அபராதம்.

ஆசியான் அப்படி இயங்குவதில்லை. அங்கே முடிவுகள் கலந்தாலோசனையாலும் ஒருமித்த கருத்தாலும் எட்டப்படுகின்றன. உறுப்பு நாட்டின் குடிமக்களையோ நிறுவனங்களையோ நேரடியாகக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. 2024 பிப்ரவரியில் இதே சிங்கப்பூரில் கூடிய ஆசியான் மின்னிலக்க அமைச்சர்கள் ஏற்றுக்கொண்ட செயற்கை நுண்ணறிவு வழிகாட்டி, விரும்பினால் பின்பற்றலாம் என்ற வகையைச் சேர்ந்தது. ஏழு கோட்பாடுகள், நல்ல எடுத்துக்காட்டுகள் எல்லாம் அதில் உண்டு. தண்டனைப் பிரிவு இல்லை.

நான் விழுந்த இடம் இதுதான். அந்த வழிகாட்டியில் பெரும்பகுதி நம் மாதிரிக் கட்டமைப்பின் சாயலில் எழுதப்பட்டது. மனிதர் எந்த அளவுக்கு முடிவில் தலையிட வேண்டும் என்ற பகுதியைப் படித்தபோது, பல ஆண்டுகளாகப் பழகிய பக்கங்களையே மீண்டும் பார்ப்பதுபோல இருந்தது. சிங்கப்பூரில் சரியாக இருந்தால் வட்டாரம் முழுதும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டேன்.

அப்போது என் வாடிக்கையாளர் எட்டுப் பேர் கொண்ட ஒரு நிறுவனம். வேலைக்கு வரும் விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் கருவியை உருவாக்கியிருந்தார்கள். குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழே வந்தவர்களுக்கு இரவோடு இரவாக மறுப்பு மின்னஞ்சல் தானாகப் போய்விடும். நான் நாற்பது பக்க அட்டவணை தயாரித்தேன். இடப்பக்கம் வழிகாட்டியின் கோட்பாடு, நடுவில் கருவி செய்வது, வலப்பக்கம் பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி. “இந்த ஒரு தாள் பத்து நாட்டுக்கும் செல்லும்” என்று அதன் உரிமையாளரிடம் சொன்னேன். அன்று ஆசியானில் பத்து நாடுகள். திமோர் லெஸ்டே 2025 அக்டோபரில்தான் சேர்ந்தது.

அந்த ஆண்டின் இறுதியில் ஜகார்த்தாவில் ஒரு கூட்டம். வாங்க வந்த நிறுவனத்தின் சட்ட அதிகாரி பக்கங்களை நிதானமாகப் புரட்டினார். மனிதத் தலையீடு என்ற வரியில் அவர் விரல் நின்றது. “நிராகரிக்கப்பட்டவர் இந்த முடிவை எதிர்க்க விரும்பினால் எங்கே போவார்?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்தோனேசியாவின் 2022ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 10ஆவது பிரிவு, முழுக்க முழுக்கத் தானியக்கமாக எடுக்கப்பட்டுத் தன்னைப் பெரிதும் பாதிக்கும் முடிவை எதிர்க்கும் உரிமையை ஒருவருக்குத் தருகிறது. அதற்கான இரண்டாண்டு அவகாசமும் 2024 அக்டோபரில் முடிந்திருந்தது. எங்கள் கருவியில் அப்படியொரு கதவே இல்லை. மின்னஞ்சல் போனதும் விண்ணப்பம் அழிந்துவிடும்.

கருவியைத் திருத்தி எழுத நான்கு மாதம் ஆனது. அதற்குள் ஜகார்த்தா நிறுவனத்தார் வேறிடத்தில் வாங்கிவிட்டார்கள். எட்டுப் பேரில் இருவரை என் வாடிக்கையாளர் வேலையைவிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. ஒருவருக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது. சரிக்குறி போட்டது என் கை.

அதற்குப் பிறகு நாடுகள் இன்னும் விலகிப் போயிருக்கின்றன. மலேசியா 2024 செப்டம்பரில் வெளியிட்டது கட்டாயமில்லாத தேசிய வழிகாட்டி. வியட்நாமோ 2025 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவுக்குத் தனிச் சட்டமே நிறைவேற்றிவிட்டது. இவை இரண்டையும் ஒரே வரியில் எழுத முடியாது. வழிகாட்டியைப் படியுங்கள், அது நல்ல ஆவணம். ஒரு நாட்டின் அதிகாரிகள் எந்தத் திசையில் யோசிக்கிறார்கள் என்பதை அது காட்டும். ஆனால் அட்டவணையில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனி வரி இருக்கட்டும். அந்த வரியில் சட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருக்கட்டும்.

நிறுவனத்தின் முகவரியை வைத்துச் சட்டத்தைத் தேடுவது

“நாங்கள் சிங்கப்பூரில் உபி வட்டாரத்தில் இருக்கிறோம், ஐரோப்பியச் சட்டம் எங்களுக்கு எதற்கு?” என்று கேட்கிறார்கள். கருவியை அங்கே விற்றால் அந்தச் சட்டம் பொருந்தும். கருவியின் வெளியீடு அங்கே பயன்படுத்தப்பட்டாலும் பொருந்தும். ஹாம்பர்க்கில் ஒரு வேலைக்கு வந்த விண்ணப்பங்களை இங்கிருந்தபடி தரம் பிரித்து அனுப்பினால்கூடப் பொருந்தக்கூடும். ஆட்சேர்ப்பு அந்தச் சட்டத்தில் உயர் அபாயப் பட்டியலில் இருக்கிறது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: சட்டம் வட்டாரத்துடையதாக இருந்தாலும், பெரும்பாலும் கதவைத் தட்டப்போவது அந்தந்த நாட்டின் கண்காணிப்பு அமைப்புதான்.

சோதனை அறிக்கையைச் சான்றிதழ் என்பது

2022இல் சிங்கப்பூரில் அறிமுகமான “ஏஐ வெரிஃபை” ஒரு சோதனைக் கருவி. சோதிக்கப்பட்ட செயலியில் குறையோ பாகுபாடோ இல்லை என்று அது உறுதியளிப்பதில்லை. விளம்பரத்தில் “சான்றிதழ்” என்ற சொல்லைப் போடாதீர்கள்.

அமெரிக்காவுக்கு ஒரே வரி ஒதுக்குவது

நியூயார்க் நகரத்துக்கே தனி விதி உண்டு.

வரைவைச் சட்டமாக மேற்கோள் காட்டுவது

வேண்டாம்.

தேதி போடாமல் விடுவது

2024 மே மாதம் கையெழுத்தான, அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2026 பிப்ரவரியில் நடப்புக்கு வரவேண்டியது. 2025இல் அதை 2026 ஜூன் 30க்குத் தள்ளிவைத்தார்கள். பழைய தேதியை வைத்துக்கொண்டு ஒரு குழு மூன்று வார இறுதிகள் அலுவலகத்திலேயே கிடந்ததைப் பார்த்தேன். நூலகத்தில் அந்தப் பெண்ணும் நானும் அவள் அட்டவணையைப் பதினொரு வரிகளாகப் பிரித்தபோது, வலது ஓரத்தில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தோம்: கடைசியாகச் சரிபார்த்த நாள். அன்று மதியத்துக்குள் நான்கு வரிகளைத்தான் நிரப்ப முடிந்தது.