கோடு முழுசா இருக்கு, இணைப்பு மட்டும் ஏன் அறுகிறது?

போனில் வைஃபை கோடுகள் முழுசாக நிற்கும். வீடியோ அழைப்பில் குரல் மட்டும் விட்டுவிட்டு வரும். உடனே ரூட்டரை மாற்றக் கிளம்பிவிடுகிறோம். அந்தக் கோடுகளை நம்பியதுதான் முதல் தவறு. அவை சிக்னலின் பலத்தைச் சொல்லும். கூடவே எவ்வளவு இரைச்சல், அதாவது சிக்னலோடு கலக்கும் வேண்டாத ரேடியோ அலைகள், இருக்கிறது என்று சொல்லாது.

பார்க்க வேண்டியது இரண்டுக்கும் உள்ள இடைவெளி. சிக்னல் மைனஸ் 65 டிபிஎம் (பலத்தை அளக்கும் அலகு, பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம் அதிகம்), இரைச்சல் மைனஸ் 90 என்றால் இடைவெளி 25 டெசிபெல். சிக்னல் அப்படியே இருந்து, இரைச்சல் மைனஸ் 75-க்கு ஏறிவிட்டால் மிஞ்சுவது வெறும் 10. கோடுகளில் எந்த மாற்றமும் தெரியாது.

எவ்வளவு இருந்தால் போதும்? எல்லாவற்றுக்கும் ஒரே எண் கிடையாது. 10 டெசிபெலுக்குக் கீழே இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். இணையப் பக்கம் பார்க்க, மின்னஞ்சல் அனுப்ப 20 வேண்டும். குரல் அழைப்பு தடங்கலின்றிப் போக 25 இருப்பது நல்லது. பெட்டியில் அச்சிட்ட உச்ச வேகம் வேண்டுமென்றால் 35-ஐ ஒட்டி இருக்க வேண்டும். பெரும்பாலும் ரூட்டர் இருக்கும் அறையில்தான் அது கிடைக்கும்.

பலரும் கவனிக்காத தவறு சேனல் அகலம், அதாவது ரூட்டர் பயன்படுத்தும் அலைவரிசைப் பட்டையின் அகலம். அகலம் கூடினால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் அகலம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே வரும் இரைச்சலும் இரட்டிக்கிறது, அதாவது 3 டெசிபெல் ஏறுகிறது. 20 மெகாஹெர்ட்ஸிலிருந்து 80-க்குப் போனால் 6 டெசிபெல் போயிற்று. 25 இருந்த இடத்தில் 19. தூரத்து அறையில் இணைப்பு திணறினால், எதையும் வாங்குவதற்கு முன் அகலத்தைக் குறைத்துப் பாருங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இது, பல நேரம் இதுவே போதும்.

ரூட்டரின் பவரை மட்டும் ஏற்றுவதும் வீண். பேச்சு இருவழி. ரூட்டர் உரக்கக் கத்தினாலும், போன் தன் சின்னக் குரலில்தான் பதில் சொல்லும். பெறும் பக்கத்தில் பூஸ்டர் மாட்டினால், அது சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலும் சேர்க்கும்.

திரையில் தெரியும் இரைச்சல் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். சில சாதனங்கள் அளக்காமலே ஒரு நிலையான எண்ணைக் காட்டும். பக்கத்து வைஃபைகளின் நெரிசல் பல நேரம் அந்தக் கணக்கில் வராது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்களாக வழக்கமாகப் பயன்படுபவை 1, 6, 11 என்ற மூன்றுதான். நடுவில் 3-ஐயோ 4-ஐயோ தேர்ந்தெடுத்தால் இரண்டு பக்கத்துச் சத்தமும் நம் மேல் விழும்.

கடைசித் தவறு, ஒரே ஒரு முறை அளந்துவிட்டு முடிவுக்கு வருவது. எல்லோரும் இணையத்தில் இருக்கும் நேரத்தில், கதவைச் சாத்திவிட்டு, போனை வழக்கமாக வைக்கும் இடத்திலிருந்தே அளக்க வேண்டும். இரு கட்டடங்களுக்கு இடையே ஆன்டெனா வைத்து இணைப்பவர்கள், தேவையான அளவுக்கு மேல் 10 முதல் 20 டெசிபெல் வரை உபரியாக வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு மரம் தழைத்து, அதன் இலைகள் மழையில் நனைந்தால், அந்த உபரிதான் இணைப்பைத் தாங்கும்.