வளவில் எடுத்த படம் அச்சகம் போகும்வரை: கலர் மோடும் பிட் அளவும்

கண்டாங்கிச் சேலையின் அரக்குச் சிவப்பும் ஆத்தங்குடிக் கல்லின் பச்சையும் திரையில் பளிச்சென்று இருந்து, அச்சில் மங்கி வந்தால் கேமராவைக் குறை சொல்லி ஆவதில்லை. கலர் மோடையும் (எந்த அடிப்படை நிறங்களாகப் பிரித்துப் பதிவது என்ற முறை) பிட் அளவையும் (ஒவ்வொரு நிறத்துக்கும் எத்தனை படிகள் என்ற கணக்கு) எந்தக் கட்டத்தில் மாற்றினீர்கள் என்று பாருங்கள். பிட் அளவை வேலை தொடங்கும்போதே கூட்டி வைக்க வேண்டும். மோடைக் கடைசியில்தான் மாற்ற வேண்டும்.

8 பிட் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிகள். பார்ப்பதற்கு இது தாராளம், திருத்துவதற்குப் போதாது. வளவில், அதாவது செட்டிநாட்டு வீட்டின் முற்றம் சூழ்ந்த உட்பகுதியில், படம் எடுத்தால் நடு முற்றத்தில் வெயில் கொட்டும், சுற்றுப் பத்தி (தாழ்வாரம்) இருண்டு கிடக்கும். இருட்டில் இருப்பது வெறும் 40 படிகள் என்றால், அதை 160 வரை இழுத்து வெளிச்சமாக்கும்போது இடையிடையே ஓட்டை விழும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழுவழுப்பான சுண்ணாம்புச் சுவரில் அது பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் ‘ரா’ (RAW) என்ற, கேமரா பதிந்ததைப் பதப்படுத்தாமல் வைக்கும் கோப்பாக எடுத்து (14 பிட் என்றால் 16,384 படிகள்) 16 பிட்டில் திறந்து திருத்துங்கள். கிம்ப் 2.10 என்ற இலவச மென்பொருளிலும் இது முடியும். ஜேபெக் 8 பிட்தான். அதைப் பின்னால் 16 ஆக்கினாலும் போன படிகள் திரும்பாது. 24 மெகாபிக்சல் படம் 72 எம்பியிலிருந்து 144 எம்பி ஆகும். அந்த இடத்தைக் கொடுத்துவிடுங்கள், தகும்.

மோடுக்கு வருவோம். திருத்தம் முழுவதும் ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் கலந்த மோடு). வாட்ஸ்ஆப்புக்கும் இணையத்துக்கும் எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொது நிற வரம்பு), 8 பிட், ஜேபெக். அதைவிட அகன்ற வரம்பான அடோபி ஆர்ஜிபியில் அப்படியே அனுப்பினால், புரொஃபைலை (எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கும் என்ற குறிப்பு) படிக்காத செயலியில் சேலை வெளிறித் தெரியும். மாற்றும்போது ‘கன்வெர்ட் டு புரொஃபைல்’ கொடுங்கள். ‘அசைன்’ கொடுத்தால் எண்கள் அப்படியே இருக்க, நிறம் மட்டும் மாறிவிடும்.

சிவகாசி அச்சகத்துக்கு அனுப்புவது சிஎம்ஒய்கே (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மை மோடு). அச்சகத்தார் எந்தப் புரொஃபைல் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள். போட்டோஷாப்பில் அந்தப் புரொஃபைலை ‘புரூஃப் செட்டப்’பில் வைத்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-ஒய் அழுத்தினால் மையில் வராத நிறங்கள் சாம்பலாகக் காட்டும். பளீர்ப் பச்சையும் நீலமும்தான் முதலில் மாட்டும். அங்கே மட்டும் செறிவைக் குறைத்துவிட்டு மாற்றுங்கள். ஆர்ஜிபி மூலத்தைத் தனியாக வையுங்கள். சிஎம்ஒய்கேயில் இழந்த நிறம் மறுபடி ஆர்ஜிபிக்குப் போனாலும் வராது.

கல்யாணப் பத்திரிகையில் எழுத்தைப் படத்தோடு சேர்த்து மாற்றவே கூடாது. ஆர்ஜிபி கறுப்பு நான்கு மையாகப் பிரியும். அச்சுத் தட்டு இம்மி விலகினாலும் ‘ணை’, ‘ஞ’ போன்ற நுணுக்கச் சுழிகள் நிழலடிக்கும். எழுத்துக்குக் கறுப்பு மை மட்டும் 100 சதவீதம் கொடுங்கள்.

சுவரில் மாட்டிய ஐயா, ஆயா காலத்துப் படங்களைக் கறுப்பு வெள்ளைதானே என்று கிரேஸ்கேலில் ஸ்கேன் செய்வது வீண். 48 பிட் கலரில் (மூன்று நிறத்துக்கும் தலா 16 பிட்) எடுங்கள். மஞ்சள் கறை நீலச் சேனலில் (நீலத்தின் அளவு மட்டும் பதிந்த அடுக்கு) கரும்புள்ளியாக நிற்கும், சிவப்புச் சேனலில் பெரும்பாலும் கரைந்துவிடும். சேனல் பலகத்தில் சிவப்பை மட்டும் தேர்ந்தெடுத்து, பிறகு கிரேஸ்கேலுக்கு மாற்றுங்கள். ரப்பர் ஸ்டாம்ப் கருவியோடு மல்லுக்கட்டும் வேலை பாதி குறையும்.