கப்பலில் அடிபட்டால் தவறு யார் மேல்? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மீன்பிடிக் கப்பல், இழுவைப் படகு, துறைமுகம் என்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வழுக்கி விழுந்து கை ஒடிந்த நேரத்தில்கூட, "சாரி, என் தப்புதான்" என்று சொல்லி, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போடுவது நம்மவர் வழக்கம். மரியாதைக்குச் சொன்ன அந்த வார்த்தை பிறகு வழக்கில் உங்களுக்கு எதிராகவே வந்து நிற்கும். நடந்ததை மட்டும் சொல்லுங்கள், தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

தீர்ப்பு, நீங்கள் யார் என்பதைப் பொறுத்தது. வேலை நேரத்தில் சுமார் 30 சதவீதமாவது பயன்பாட்டில் உள்ள கப்பலின் பணியில் கழிந்தால்தான் பொதுவாக மாலுமி என்று ஏற்பார்கள். மாலுமிக்கு, அடிபட்டால் முதலாளி மேல் நஷ்டஈட்டு வழக்குப் போட வழி தரும் 1920-ஆம் ஆண்டின் ஜோன்ஸ் சட்டம் உண்டு. முதலாளியின் கவனக்குறைவு விபத்துக்குத் துளியளவு காரணமாக இருந்தாலும் போதும். உங்கள் மேலும் தவறு இருக்கிறதா? சரி, வழக்கு போய்விடாது. நூற்றுக்கு இருபது பங்கு உங்களுடையது என்றால் நஷ்டஈட்டில் இருபது கழியும், அவ்வளவுதான். சிகிச்சைச் செலவும் சாப்பாட்டு, தங்குமிடப் படியும் தவறு யாருடையது என்று பார்க்காமலே கிடைக்க வேண்டியவை.

கப்பலே வேலைக்குத் தகுதியான நிலையில் இல்லை என்றும் வழக்குப் போடலாம். இதில் உரிமையாளர் கவனமாக இருந்தாரா என்ற கேள்வியே கிடையாது. 1960-இல் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில் சிக்கலே, மீன்பிடிக் கப்பலின் விளிம்பில் படிந்திருந்த மீன் வழுவழுப்புதான். அது கொஞ்ச நேரத்துக்கு முன் படிந்ததாக இருக்கலாம், உரிமையாளருக்குத் தெரியாமலும் இருக்கலாம். அதைக் காட்டி அவர் தப்ப முடியாது என்றது நீதிமன்றம். அதனால், டெக்கைக் கழுவிவிடும் முன் போனில் படம் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் நின்றவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கரையில் சரக்கு ஏற்றி இறக்குபவர்களுக்கு 1927-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். முதலாளி தரும் ஈட்டுக்குத் தவறை நிரூபிக்கத் தேவையில்லை, ஆனால் 30 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். கப்பல்காரர் மேல் தனியாக வழக்குப் போடுவதென்றால் அவருடைய கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும்.

அப்புறம், ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை உல்லாசக் கப்பலில் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பயணி விழுந்தால், ஆபத்து கப்பல்காரருக்குத் தெரிந்திருந்ததா, தெரிந்திருக்க வேண்டியதா என்றுதான் பெரும்பாலும் கேட்பார்கள். கடல் விபத்து வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு அவகாசம். டிக்கெட் நிபந்தனை அதை 1 ஆண்டாகச் சுருக்கலாம், வழக்கையும் மயாமியில்தான் போட வேண்டும் என்று சொல்லலாம். யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்தை ஏறுவதற்கு முன்பே படித்துவிடுங்கள்.