கிரீஸ் கழுவ எதை வாங்குவது? மண்ணெண்ணெயா, சோப்புத் தண்ணியா, ஸ்பிரேயா?

உதிரிபாகக் கடையில் "டீகிரீசர் குடுங்க" என்று கேட்டால், "எதைக் கழுவப் போறீங்க?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க வேண்டும். பெரும்பாலும் கேட்க மாட்டார், அலமாரியில் இருப்பதை எடுத்து நீட்டிவிடுவார். அதனால் அந்தக் கேள்விக்குப் பதிலை வீட்டிலேயே முடிவு பண்ணிக்கொண்டு போவது நல்லது. பைக் செயின், கார்புரேட்டர், பிரேக் டிரம், டிரில்லிங் மெஷின் கியர் என்று வீட்டில் நாம் கழற்றிப் போடுகிற சாமான்களுக்குத்தான் இந்த விளக்கம்.

படி 1: முதலில் சுரண்டுங்கள்

எந்தப் பாட்டிலையும் திறக்காதீர்கள். பைக்கின் முன் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) கவரைக் கழற்றினால், செயினுக்குப் போட்ட எண்ணெயும் ரோட்டு மண்ணும் சேர்ந்து விரல் கனத்துக்குக் கறுப்பாக அப்பியிருக்கும். மூங்கில் குச்சியோ பழைய பிளாஸ்டிக் ஸ்கேலோ வைத்து அதை வழித்தெடுத்து, பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். பாதி வேலை இங்கேயே முடிந்துவிடும், கழுவுகிற திரவமும் மிச்சமாகும்.

சுரண்டும்போதே அழுக்கு என்ன ரகம் என்று பாருங்கள். பிசுபிசுப்பாக வந்தால் எண்ணெய், கிரீஸ். அதற்கு மண்ணெண்ணெய் போதும். கார்புரேட்டருக்குள் தேன் நிறத்தில் காய்ந்து ஒட்டியிருப்பது பழைய பெட்ரோல் விட்டுப்போன படிவு. அது மண்ணெண்ணெய்க்கு அசையாது, கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேதான் வேண்டும். பிஸ்டன் தலையில் கெட்டியாகக் கருகியிருப்பது கார்பன். அதைச் சாதாரண டீகிரீசர் அசைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

படி 2: காந்தம் வைத்துப் பாருங்கள்

காந்தம் ஒட்டினால் இரும்பு. எதைப் போட்டாலும் பெரும்பாலும் தாங்கும், துருதான் கவலை. வெள்ளி நிறமாக, கைக்கு லேசாக இருந்து காந்தம் ஒட்டவில்லை என்றால் அனேகமாக அலுமினியம். இங்கேதான் கவனம் தேவை. காஸ்டிக் சோடா அலுமினியத்தைத் தின்னும். நுரைத்துக்கொண்டு வரும் வாயு ஹைட்ரஜன், தீப்பற்றக்கூடியது. அடைப்பு நீக்கும் பவுடரிலும் ஓவன் கிளீனர் பலவற்றிலும் இருப்பது இதே சரக்கு. "சூப்பரா கிரீஸ் போகுது" என்று யாராவது வீடியோவில் காட்டினால், அவர் கழுவுவது இரும்பா என்று முதலில் பாருங்கள். சலவை சோடாவைச் சுடுதண்ணியில் கலந்தால்கூட அலுமினியம் கறுத்து மங்கிவிடும்.

ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றி ஓரமாக வையுங்கள். தின்னரும் அசிட்டோனும் பல பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். கழற்ற முடியாத இடம் ஓ-ரிங் செயின். அதன் உள்ளே கம்பெனியில் அடைத்த கிரீஸை அந்த ரப்பர் வளையங்கள்தான் காக்கின்றன. பெட்ரோலில் ஊறி வளையம் கெட்டால், அந்த கிரீஸை நாம் திரும்ப உள்ளே வைக்க முடியாது. மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ் கூடாது.

படி 3: தேர்வு

எனக்கு முதல் தேர்வு மண்ணெண்ணெய். நன்றாகக் கரைக்கும், சட்டென்று ஆவியாகாது, அவ்வளவு எளிதில் பற்றாது. அதன் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை சுமார் 38 டிகிரியிலிருந்து தொடங்குகிறது. பெட்ரோலுக்கோ அது பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரிக்குப் பக்கம். அதாவது மார்கழிக் குளிரில் ஊட்டியில் வைத்துக் கழுவினாலும் பெட்ரோல் ஆவி பற்றத் தயாராகத்தான் இருக்கும். காற்றைவிடக் கனமான அந்த ஆவி தரையோடு தவழ்ந்து, பக்கத்து அறை அடுப்பு வரை போகும். "மெக்கானிக் எல்லாம் பெட்ரோல்லதானே கழுவுறாங்க?" என்பீர்கள். கழுவுகிறார்கள்தான். அது அவர்களுக்கும் நல்லதில்லை. பெட்ரோலில் புற்றுநோய் வரவைக்கும் பென்சீன் இருக்கிறது.

மண்ணெண்ணெய் என்றாலும் அசட்டை வேண்டாம். கத்திரி வெயிலில் வேலூர் பக்கம் 40 டிகிரி தாண்டுகிறதே, அப்போது இதுவும் எல்லைக்குள் வந்துவிடும். காலை நேரத்தில், நிழலில், திறந்த இடத்தில் செய்யுங்கள். ரேஷனில் முன்புபோல மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை. டீசலிலும் வேலை நடக்கும், ஆனால் பிசுக்கு கூட நிற்கும், நாற்றமும் சீக்கிரம் போகாது.

தண்ணீரில் கலக்கும் டீகிரீசர், இன்ஜின் வெளிப்புறம் மாதிரி பெரிய பரப்புக்கு ஏற்றது. சுடுதண்ணியில் கலந்தால் வேகமாக வேலை செய்யும். லேபிளில் அலுமினியத்துக்கு ஏற்றது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். சொன்ன அளவு கலந்து, சொன்ன நேரத்தில் கழுவிவிடுங்கள், ராத்திரி முழுக்க ஊறப்போட வேண்டாம்.

பிரேக் டிஸ்க், டிரம்முக்கு பிரேக் கிளீனர் ஸ்பிரே மட்டுமே. மண்ணெண்ணெய் விட்டுப்போகும் மெல்லிய எண்ணெய்ப் படலம் பிரேக்கை வழுக்க வைக்கும். ஸ்பிரே டப்பாவில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்று இருந்தால், அதில் கழுவிய பாகத்தை வெல்டிங் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அந்த ஆவி வெல்டிங் சூட்டில் பாஸ்ஜீன் ஆகும். முதல் உலகப் போரில் ஆட்களைக் கொன்ற விஷவாயு அது.

படி 4: கழுவுதல்

இரண்டு தட்டு. முதல் தட்டில் ஏற்கெனவே பயன்படுத்திய மண்ணெண்ணெய், இரண்டாவதில் புதுசு. பழைய பெயின்ட் பிரஷ்ஷின் மயிரைப் பாதியாக வெட்டிவிட்டால் விறைப்பாக, தேய்க்க வாகாக இருக்கும். கைக்கு நைட்ரைல் கையுறை. பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை மண்ணெண்ணெயில் ஊதித் தளர்ந்துவிடும். பேரிங்கை காற்றடித்துச் சுழல விடாதீர்கள், எண்ணெய் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் கெட்டுவிடும், சிதறவும் செய்யும்.

படி 5: தண்ணீர் சோதனை

பெயின்ட் அடிக்கப்போகும் பாகம் என்றால் கடைசியாக டிஷ்வாஷ் லிக்விட் போட்டுத் தேய்த்து அலசி, மேலே தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் ஒரே தகடாகப் பரவி நின்றால் சுத்தம். எங்காவது முத்து முத்தாகத் திரண்டால் அங்கே இன்னும் எண்ணெய் இருக்கிறது. இரும்புப் பாகத்தை உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள், அரை மணி விட்டால்கூடச் செம்மண் நிறம் காட்ட ஆரம்பிக்கும். பெயின்ட் வேலை இல்லை என்றால் காய்ந்ததும் எண்ணெய் தடவிவிடுங்கள்.

படி 6: மிச்சம்

அழுக்கு மண்ணெண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். குடிநீர் பாட்டில் மட்டும் வேண்டவே வேண்டாம். சில நாளில் கசடு அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்ததை அசையாமல் வடித்தால் அடுத்த முறைக்கு முதல் தட்டு தயார். அடியில் நிற்கும் கறுப்பு விழுதை, பழைய இன்ஜின் ஆயில் எடுக்கிறவர்கள் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள்.