திபா மன்னரின் வீழ்ச்சி: கதை சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பர்மாவின் கடைசி மன்னர் திபா என்றால், பெண்டாட்டி பேச்சைக் கேட்டு நாட்டைக் கோட்டைவிட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். முதலில் கைவிட வேண்டியது இந்த வரியைத்தான்.

1878-இல் மிண்டோன் மன்னர் சாகக் கிடந்தபோது அரண்மனையில் இளவரசர்களுக்குப் பஞ்சமில்லை. விவரமான மூத்தவர்களை ஒதுக்கிவிட்டு, மடத்தில் படித்த 19 வயதுத் திபாவைப் பொறுக்கியெடுத்தவர்கள் சின்பியுமாஷின் ராணியும் கின்வுன் மிங்யி போன்ற அமைச்சர்களும். ராணிக்குத் தன் பெண்ணைக் கட்டிவைக்க மாப்பிள்ளை வேண்டும். அமைச்சர்களுக்குச் சொன்னபடி ஆடும் அரசர் வேண்டும். ஆக, திபாவின் பலவீனம்தான் அவருக்கு அரியணையே வாங்கிக் கொடுத்தது. இதை விட்டுவிட்டு அந்தப் பெண் சுபயாலத் மீது மட்டும் பழிபோடுவது சோம்பேறித்தனம்.

அதற்காக மன்னருக்கு வெள்ளையடிக்கவும் வேண்டாம். 1879 பிப்ரவரியில் அரச குடும்பத்தார் ஏறத்தாழ 80 பேர் கொல்லப்பட்டது அவருடைய ஆட்சியில்தான்.

தேக்கு மர அபராதத்தால்தான் போர் வந்தது என்பது இன்னொரு பிழை. கணக்கில் காட்டாமல் மரம் எடுத்ததாக 1885-இல் ஆங்கிலேயரின் பம்பாய் பர்மா வர்த்தக நிறுவனத்துக்குத் திபாவின் அரசு சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது, உண்மைதான். ஆனால் அது கிடைத்த சாக்கு. அந்த ஆண்டு ஜனவரியில் பிரான்சுடன் திபாவின் தலைநகரான மாண்டலே போட்ட ஒப்பந்தம்தான் ஆங்கிலேயரின் தூக்கத்தைக் கெடுத்தது. அக்டோபரில் வந்த இறுதி எச்சரிக்கை அபராதத்தோடு நிற்கவில்லை. வெளிநாட்டு உறவையே தங்கள் பொறுப்பில் விடச் சொன்னது. கடற்கரையோ 1824-26, 1852 போர்களிலேயே பறிபோயிருந்தது. கீழ் பர்மாவின் நெல்லும் ரங்கூன் துறைமுகமும் எதிராளியின் கையில். திபாவின் இடத்தில் கெட்டிக்கார மன்னர் ஒருவர் இருந்திருந்தாலும் சில ஆண்டுகள் தள்ளிப்போட்டிருக்கலாம், அவ்வளவுதான் என்பது என் கணிப்பு.

அப்புறம், நாடுகடத்தல். மன்னரை நேரே இந்தியாவின் மேற்குக் கடற்கரையிலுள்ள ரத்னகிரிக்குக் கொண்டுபோனதாக எழுதுகிறார்கள். முதலில் கொண்டுவந்தது சென்னைக்கு, 1886-இல்தான் ரத்னகிரி. 1916-இல் அங்கேயே இறந்தார்.

இரண்டு வாரப் போரில் எல்லாம் முடிந்தது என்றும் எழுத வேண்டாம். 1885 நவம்பர் இறுதியில் மன்னர் சரணடைந்தார், சரி. கிராமங்கள் சரணடையவில்லை. அடுத்த சில ஆண்டுகளுக்கு அங்கே கிளர்ச்சி ஓயவில்லை; அதை அடக்க, மாண்டலேயைப் பிடிக்க வந்ததைவிடப் பெரிய படையை ஆங்கிலேயர் இறக்க வேண்டியிருந்தது.