கேமுக்குள்ள பொட் ஓட விடுறவங்களும் விடாதவங்களும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் திருகோணமலை உவர்மலையில இருக்கிற என்ட அக்காட மகன் அழுதுகொண்டு வீட்ட வந்தான். ரெண்டரை வருசமா விளையாடின அக்கவுண்ட், ஒருநாள் காலைல திறந்து பாத்தா நிரந்தரத் தடை. "மாமா, நான் அந்தப் பொட்டை நிப்பாட்டி மூண்டு கிழமையாச்சு, இப்ப ஏன் பிடிக்கிறாங்க?" எண்டு கேட்டான். அந்தக் கேள்விக்குள்ளயே கனபேர் விடுற முதல் பிழை இருக்கு, அதால கொஞ்சம் விளக்கமா எழுதுறன்.

பொட் எண்டா ஆளுக்குப் பதிலா தானா கேம் விளையாடுற சொஃப்ட்வெயார். அவன் செய்தது பெரிய பொட் ஒண்டும் இல்ல. ஃபோன்ல தானா தட்டுற ஒரு அப். கேமுக்குள்ள மீன் பிடிக்கிற இடத்தில ஆளை நிப்பாட்டிட்டு, சார்ஜரைக் குத்தி, சூடு ஏறாம இருக்க ஃபோனை ஃபேனுக்கு முன்னால தண்ணிப் போத்தல்ல சாத்தி வச்சிட்டு டியூஷனுக்குப் போயிடுவான். திரையில ஒரு சின்ன வட்டம் நாலு செக்கனுக்கு ஒருக்கா மினுங்கும், அவ்வளவுதான். அத்தான் கடலுக்குப் போறவர், ஒருநாள் அதைப் பாத்திட்டு "என்னடா இது, ஒவ்வொரு தரமும் அதே இடத்தில அதே நேரத்துக்கா மீன் படுது" எண்டு கேட்டாராம். கேம் கொம்பனிட சேர்வரும், அதாவது கேமை நடத்துற அவங்கட கொம்பியூட்டரும், கிட்டத்தட்ட அதே கேள்வியைத்தான் கேக்குது.

இதை விளங்கிக்கொள்ளுங்க. ஒன்லைன் கேம்ல உங்கட ஆள் நடக்கிறது, அடிக்கிறது, விக்கிறது எல்லாம் பெரும்பாலும் சேர்வருக்குத் தெரிஞ்சுதான் நடக்குது. நீங்க செய்யிற ஒவ்வொண்டும் எந்த நேரத்தில வந்தது, அதுக்கு முந்தினதுக்கும் இதுக்கும் எவ்வளவு இடைவெளி எண்டு அங்க பதியலாம். மனுசன் கை அலையும், களைச்சா மெதுவாகும், இடையில வட்ஸ்அப் மெசேஜ் வந்தா நிக்கும், அம்மா கூப்பிட்டா அரை மணித்தியாலம் காணாமப் போகும். மெசின் அப்படிப் போகாது.

"அப்ப ரண்டமா வச்சா சரிதானே, மூண்டு செக்கனுக்கும் அஞ்சு செக்கனுக்கும் இடையில மாறி மாறித் தட்டட்டும்" எண்டு பொடியள் சொல்றது எனக்குத் தெரியும். அது ரெண்டாவது பிழை. மூண்டுக்கும் அஞ்சுக்கும் இடையில எல்லா நேரமும் சமனா விழுந்தா அதுவே ஒரு அடையாளம், ஏனெண்டா மனுசன்ட நேரங்கள் அப்படிச் சமனாப் பரவாது, முக்கால்வாசி ஒரு இடத்தில குவியும், மிச்சம் நீளமா வால் மாதிரி இழுபடும். பத்துத் தட்டில இது தெரியாது. பத்தாயிரம் தட்டைச் சேத்துப் பாத்தா பளிச்செண்டு தெரியும், பொட் போடுறவன் அந்தப் பத்தாயிரத்தையும் தானே கொண்டுபோய்க் குடுக்கிறான்.

இப்ப அந்த மூண்டு கிழமைக்கு வாறன். நிலாவெளிப் பக்கம் கரைவலை இழுக்கிறதைப் பாத்த ஆக்களுக்கு இது லேசா விளங்கும். வலையை வளைச்ச உடனே, முதல் மீன் உள்ள வந்திட்டுது எண்டு ஒருத்தரும் தூக்கிறேல்ல, ரெண்டு பக்கமும் நிண்டு ஆறுதலா இழுத்து இழுத்து மடி கரைக்கு வந்த பிறகுதான் எல்லாம் ஒரேயடியா வெளிய வரும். கேம் கொம்பனியளும் கனநேரம் அப்படித்தான் செய்யிறாங்க, அதைத்தான் பேன் வேவ் (ban wave, அலை மாதிரி மொத்தமா வாற தடை) எண்டு சொல்றது. பொட்டைப் பிடிச்ச அண்டைக்கே தடை போட்டா, அதை எழுதினவன் "நேத்துப் போட்ட மாற்றத்தாலதான் மாட்டிட்டம்" எண்டு கண்டுபிடிச்சுத் திருத்திடுவான். கிழமைக்கணக்கா விட்டு மொத்தமாத் தூக்கினா எதால மாட்டினதெண்டே தெரியாது. அதால "ஒரு மாசமா ஓட விடுறன், ஒண்டும் நடக்கேல்ல, இது சேஃப்" எண்டு ஆரும் சொன்னா நம்பாதீங்க. பேர் ஏற்கனவே லிஸ்ட்ல இருக்கலாம்.

கொம்பனிக்கு இதில அக்கறை இல்ல, காசு வந்தாச் சரி எண்டு நினைக்கிறதும் பிழை. ரூன்ஸ்கேப் எண்ட ஒன்லைன் கேமை நடத்துற ஜாஜெக்ஸ் 2011 ஒக்டோபர்ல ஒரே நாள்ல 15 லட்சம் பொட் அக்கவுண்டைத் தடை செய்ததாச் சொன்னது. வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட் கேம்ல 2015 மே மாசம் ஒரு லட்சத்துக்கு மேல அக்கவுண்டுகளை ஆறு மாசத்துக்கு நிப்பாட்டினாங்க. அந்த நேரம் கனபேர் பாவிச்ச ஹொனர்படி எண்ட பொட்டைச் செய்த ஜேர்மன் கொம்பனி பொஸ்லாண்ட் மேல வோர்கிராஃப்ட்டை நடத்துற பிளிசார்ட் வழக்குப் போட்டு, 2017ல கலிஃபோர்னியா கோர்ட் 85 லட்சம் டொலர் கட்டச் சொன்னது. லொஸ்ட் ஆர்க் எண்ட கேம் 2022 மார்ச்ல பத்து லட்சத்துக்கு மேல பொட் அக்கவுண்டைத் தூக்கினது. இவ்வளவு செலவழிச்சு ஏன் செய்யிறாங்க எண்டா, ஒரு பொட் நித்திரை இல்லாம மீன் பிடிச்சுக் கொட்டினா கேமுக்குள்ள மீன் விலை விழும், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு மணித்தியாலம் கையால பிடிக்கிற பிள்ளைக்கு ஒண்டும் மிஞ்சாது, அந்தப் பிள்ளை விளையாட்டையே விட்டிடும். எனக்கு இதில கோவம் வாறது அந்தப் பிள்ளைக்காகத்தான்.

சேர்வர் பக்கம் மட்டும் இல்ல, உங்கட கொம்பியூட்டருக்குள்ளயும் பாப்பாங்க. வோர்கிராஃப்ட்ல வோர்டன் எண்டு ஒண்டு இருக்கு, கேம் ஓடேக்க மெமரியில தெரிஞ்ச பொட்டின்ட தடயம் இருக்கா எண்டு தேடும். ஈஸி அன்டி சீட், பேட்டில் ஐ எல்லாம் அந்த வகைதான்.

"நான் பொட் பாவிக்கேல்ல, மௌஸ்ல மெக்ரோ மட்டும்தான் வச்சனான்" எண்டு சொல்றவங்களும் இருக்காங்க. கன கேம்கள்ல கணக்கு இதுதான்: நீங்க ஒருக்கா அமத்தினா ஒரு வேலைதான் நடக்கோணும். ஒருக்கா அமத்தி அஞ்சு வேலை நடந்தா, அது மௌஸ்ல இருந்து வந்தாலும் கீபோர்ட்ல இருந்து வந்தாலும் மெக்ரோதான். ஒரு கீயை அமத்தி பல அக்கவுண்டை ஒரேயடியா ஆட்டுற சொஃப்ட்வெயாரைக்கூட பிளிசார்ட் 2020 நவம்பர்ல தடை செய்திட்டுது, அதுக்கு முதல் வருசக்கணக்கா விட்டிருந்தவங்க. விதி மாறும், வாசியுங்க.

எல்லாத்திலயும் மோசமான பிழை, ஃப்ரீ பொட் டவுன்லோட் பண்றது. "முதல் அன்டிவைரஸை ஓஃப் பண்ணுங்க" எண்டு ஒரு வரி இருந்தா அதோட மூடிடுங்க, தயவுசெய்து. நீங்க அதுக்குக் குடுக்கிறது உங்கட யூசர்நேமும் பாஸ்வேர்டும், கொம்பியூட்டருக்குள்ள எதையும் செய்யிற உரிமையும். கன வீட்டில அதே கொம்பியூட்டர்லதான் அப்பாட பேங்க் வேலையும் அக்காட கம்பஸ் வேலையும் நடக்குது. கேம் அக்கவுண்ட் போனாப் புதுசா ஒண்டு திறக்கலாம், மற்றது போனா என்ன செய்யிறது?

உண்மைக் காசு குடுத்து கோல்ட், அதாவது கேமுக்குள்ள பாவிக்கிற காசு, வாங்கிறவங்களும் "நான் பொட் போடேல்லையே" எண்டு நினைக்கிறாங்க. பொட்டுகள் சேத்த கோல்ட் ஒரு கை மாறி, இன்னொரு கை மாறித்தான் உங்களிட்ட வரும், அந்தக் கைமாத்து ஒவ்வொண்டும் சேர்வர்ல இருக்கு. ஒருத்தன் ஒண்டுமே வாங்காம உங்களுக்குக் கோடிக்கணக்கில குடுத்திட்டுப் போனா அது தனியாத் தெரியும். பிடிபட்டா கோல்டும் போகும், நீங்களும் போகலாம். வாங்கத்தான் வேணுமெண்டா கொம்பனியே விக்கிற வழி இருக்கு, ரூன்ஸ்கேப்ல 2013ல இருந்து பொண்ட், வோர்கிராஃப்ட்ல 2015ல இருந்து டோக்கன். எங்கட ரூபாவுக்கு அது விலைதான், ஆனா களவு இல்ல.

இனி விளையாடுற மற்ற ஆக்களுக்கு ஒண்டு. பேசினாப் பதில் சொல்லாதவன் எல்லாரும் பொட் இல்ல. எங்கட பக்கத்துப் பொடியள் இங்கிலீசில ஒருத்தன் கேட்டா என்ன எழுதிறதெண்டு தெரியாம, வெக்கத்தில பேசாம இருப்பாங்க, உடனே ரிப்போர்ட் விழும். 2017 அளவில ரூன்ஸ்கேப்ல வெனிசுவேலாக்காரர் சாப்பாட்டுக்காக நாள் முழுக்க கேமுக்குள்ள பச்சை ட்ராகன் அடிச்சுக் கோல்ட் வித்தாங்க, விதிக்கு மாறுதான், ஆனா அவங்க பொட் இல்ல, மனுசர், கேமுக்குள்ள அவங்கட ஆளைத் தேடித் தேடிக் கொல்ல வழி சொல்லிக் குடுத்தே ஆக்கள் எழுதினாங்க. 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாம, மண்ணெண்ணெய்க்கு வரிசையில நிண்ட எங்களுக்கு அதைப் படிக்கேக்க நெஞ்சு கனத்தது. ரிப்போர்ட் பண்ணுங்க, வேண்டாம் எண்டேல்ல, ஆனா கொஞ்ச நேரம் நிண்டு பாத்திட்டுப் பண்ணுங்க.

நேர்மையா விளையாடுறவங்களும் அக்கவுண்டைக் கூட்டாளிக்குக் குடுக்காதீங்க, அவன் செய்தது உங்கட பேர்லதான் விழும். பிங் (சேர்வருக்குப் போய் வாற தாமதம்) குறைக்க எண்டு, வேற நாட்டில இருந்து வாற மாதிரிக் காட்டுற விபிஎன்ல காலைல ஒரு நாடு பின்னேரம் ஒரு நாடு எண்டு மாத்தாதீங்க, அக்கவுண்ட் களவு போன மாதிரியோ வித்த மாதிரியோ தெரியும். ஒரே வைஃபையில அண்ணனும் தம்பியும் விளையாடுறதைப் பற்றிப் பயப்படத் தேவையில்ல, மொபைல் டேட்டாவில எத்தனையோ பேர் ஒரே ஐபியிலதான் (இன்டர்நெட் விலாசம்) வெளிய போறாங்க, அதை மட்டும் வச்சுத் தடை போட்டா ஒரு கொம்பனியும் நிலைக்காது.

தடை விழுந்தா அப்பீல் ஒண்டுதான் போடோணும். பத்துத் தரம் போடாதீங்க, தம்பி விளையாடினவன், பூனை நடந்தது எண்டு கதை விடாதீங்க. பிழையாத் தடை போட்டிருந்தா, எந்த நாள், என்ன செய்துகொண்டிருந்தீங்க, என்ன ஃபோன், என்ன அப் ஓடினது எண்டு சுருக்கமா எழுதுங்க. இங்கிலீஸ் பிழைச்சாப் பரவாயில்ல. அக்காட மகனுக்கும் நான் அதைத்தான் சொன்னன், ரெண்டு பேரும் இருந்து நாலு வரி எழுதினம்: தட்டுற அப் பாவிச்சனான், இத்தனை நாள் பாவிச்சனான், பிழைதான், இனிச் செய்யமாட்டன். அனுப்பி ரெண்டு கிழமை ஆகுது, பதில் இன்னும் வரேல்ல. ஒவ்வொரு நாளும் டியூஷன் விட்டு வாற வழியில "மெயில் வந்ததா மாமா" எண்டு கேட்டுட்டுத்தான் வீட்ட போறான்.